இரண்டு குச்சிக்கு ஒரு டப்பி

தீக்குச்சியும் பல்குத்தியும் ஒன்றாக அடங்கும்படி சட்டைப் பைக்கு ஒரு டப்பி செய்ய யோசனை சொல்லுங்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். இடமில்லாமல் ஒத்திவைத்தேன். அதற்குள் அதே விஷயமாக ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. நாட்டில் இத்தனை பேர் பையில் குச்சியோடு நடமாடுகிறார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி. இந்தத் தடவை அரசியலுக்கும் சினிமாவுக்கும் விடுமுறை.

கே: தீப்பெட்டியே சட்டைப் பையில் அடங்குகிறது. அதற்கு மேல் ஒரு டப்பி எதற்கு?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்)

ப: அடங்கும் சார். 2021 டிசம்பரில் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனபோது, குச்சியையும் 36லிருந்து 50 ஆக்கினார்கள். பதினாலு வருஷம் விலை ஏறாமல் இருந்த சரக்கு வேறென்ன இருக்கிறது, சொல்லுங்கள். ஆனால் அந்த அட்டைப்பெட்டி அலமாரியில் இருக்கப் பிறந்தது. மே மாதத்துச் சட்டைப் பையில் வேர்வையில் ஊறும், பஸ் நெரிசலில் நசுங்கும், குனிந்தால் உள்பெட்டி வழுக்கி ஐம்பது குச்சியும் தரையில் கோலம் போடும். வீட்டோடு இருப்பவருக்கு டப்பி வேண்டாம். ஊர் சுற்றுகிறவருக்கு வேண்டும்.

கே: அளவு சொல்லுங்கள், நானே வரைந்துகொள்கிறேன்.
(இயந்திரவியல் மூன்றாமாண்டு மாணவி, கோவை)

ப: இப்படிக் கேட்டால்தான் பதில் சொல்லத் தோன்றுகிறது. உட்காருங்கள்.

சிக்கல் நீளத்தில் இருக்கிறது. நம்மூர்ச் சின்னப் பெட்டியின் தீக்குச்சி நாலேகால் சென்டிமீட்டர் போல இருக்கும். பல்குத்தி ஆறரை. இரண்டையும் ஒரே குழியில் போட்டால் நெட்டை மாப்பிள்ளைக்குப் போட்ட கட்டிலில் குட்டைப் பையன் உருள்கிற மாதிரி, தீக்குச்சிகள் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக விழுந்து சிக்கிக்கொள்ளும். தனித்தனி அறை கட்டாயம்.

உள்நீளம் 68 மி.மீ. வையுங்கள். தீக்குச்சி அறை 15க்கு 9 மி.மீ., பல்குத்தி அறை 9க்கு 9. தலைக்கு மூன்று மி.மீ. என்று கணக்குப் பண்ணினால் வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை, பதினைந்து தீக்குச்சி. பல்குத்தி இரண்டு மி.மீ. கனம், நாலுக்கு நாலு பதினாறு. தகடு ஒரு மி.மீ. என்றால் மொத்த அகலம் 27, கனம் 11. இரண்டு விரல் அகலம், பேனாவில் பாதி நீளம். பாக்கெட் பிதுங்காது.

தீக்குச்சி அறையில் 25 மி.மீ. மிச்சம் நிற்கிறதல்லவா? அங்கே ஒரு தடுப்பு போட்டுவிடுங்கள். தீக்குச்சிக்கு மேல்பக்கம் மூடி, பல்குத்திக்கு அடிப்பக்கம் மூடி. அடிமூடியைத் திறந்தால் பல்குத்தியோடு அந்த மிச்ச இடமும் சேர்ந்து திறக்கும். அதில் இரண்டு கிராம்போ ஓர் ஏலக்காயோ போட்டுக்கொள்ளலாம். சாப்பாடு முடிந்த பிறகு தேவைப்படுவது எல்லாம் ஒரு மூடிக்குள், பற்றவைப்பது இன்னொரு மூடிக்குள். இருட்டில் எந்தப் பக்கம் எது என்று தெரிய மேல்மூடியில் மட்டும் விரல் நகம் இடறும்படி ஒரு வெட்டு போதும்.

தீக்குச்சியைத் தலைகீழாக, மருந்து கீழே போகும்படி அடுக்குங்கள். அடியில் கொஞ்சம் பஞ்சு. வேர்த்த விரல் மருந்தைத் தொடாது, மூடாமல் உரசிவிட்டாலும் பொறி மருந்தில் நேராக விழாது. பல்குத்தியும் அப்படியே, கூர்முனை அதன் மூடிக்கு எதிர்ப்பக்கம். இரண்டு பக்கமும் கூரானதை வாங்காதீர்கள். ஒரு முனை மழுங்கியது கிடைக்கிறது.

எல்லாரும் இந்த டப்பியைப் பொருள்களைச் சேர்த்து வைக்கும் சாதனம் என்று நினைக்கிறார்கள். அது பிரித்து வைக்கும் சாதனம். மருந்தை உரசும் பட்டையிலிருந்து, பட்டையைச் சில்லறையிலிருந்து, குச்சியை வேர்வையிலிருந்து, எல்லாவற்றிலிருந்தும் பல்குத்தியை. இந்த நான்கு பிரிவினையும் நடந்தால் டப்பி பிழைத்தது.

கே: உரசும் பட்டையையும் உள்ளேயே ஒட்டிவிட்டால் பார்க்க நீட்டாக இருக்குமே?
(அதே மாணவியின் வகுப்புத் தோழர், கோவை)

ப: இருக்கும், முதல் தடவை பற்றிக்கொள்கிற வரைக்கும்.

அமெரிக்காவில் ஜோஷுவா பியூசி என்ற வழக்கறிஞர் 1892இல் அட்டைத் தீப்பட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். மடக்கிய அட்டைக்குள் காகிதக் குச்சி வரிசையாக நிற்குமே, அதுதான். அவர் உரசும் இடத்தை உள்ளேயே, குச்சிகளுக்குப் பக்கத்திலேயே வைத்தார். ஒன்றை உரசினால் மீதியும் கலந்துகொள்ளும் அபாயம். பிறகு பட்டை வெளியே வந்தது, ‘மூடிவிட்டு உரசவும்’ என்று அட்டையிலேயே அச்சடித்தார்கள். அதுவும் போதாமல் 1970களில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கே கடத்திவிட்டார்கள். ஒரு பட்டை நகர்வதற்கு எண்பது வருஷம். நீங்கள் அதைத் திரும்ப உள்ளே கொண்டுபோகப் பார்க்கிறீர்கள்.

டப்பியின் முதுகில் இரண்டு ஓரமும் விளிம்பு எழுப்பி, லேசாக உள்ளே மடித்துவிடுங்கள். தீர்ந்த தீப்பெட்டியின் பக்கவாட்டை வெட்டி அதில் செருகினால் பட்டை ரெடி. தேய்ந்தால் உருவிப்போட்டு வேறு. விளிம்புகளுக்கு நடுவே இருப்பதால் சாவிக்கொத்து சுரண்டாது.

கே: தாத்தா காலத்து வெள்ளி டப்பி ஒன்று வீட்டில் இருக்கிறது. சீமையில் வாங்கியது. மூடி ‘டிக்’ என்று மூடுகிறது, அடியில் கோடு கோடாக உரசும் இடம். அதில் நம்மூர்த் தீக்குச்சியை எவ்வளவு தேய்த்தாலும் பற்றவில்லை. வெள்ளி போலியா?
(நகை விற்காத குடும்பத்தலைவி, காரைக்குடி)

ப: வெள்ளி அசலாகவே இருக்கட்டும். குச்சிதான் வேறு ஜாதி.

உங்களிடம் இருப்பது வெஸ்டா டப்பி. 1890களிலிருந்து முதல் உலகப்போர் வரை அதிகம் புழங்கியது, இங்கிலாந்துக் கனவான்கள் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்டது. ஓரத்தில் ஒரு வளையம் இருக்கும், பாருங்கள். அதில் போட்ட குச்சிகள் எதில் உரசினாலும் பற்றும் வகை. மருந்து முழுக்கத் தலையிலேயே. எனவே உரசக் கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால் போதும், அந்தக் கோடுகள் அதற்கு.

இதில்தான் கதையே. உரசிப் பற்றும் குச்சியை 1826இல் கண்டுபிடித்து மறு வருஷம் விற்கத் தொடங்கியவர் ஜான் வாக்கர், வட இங்கிலாந்தில் ஸ்டாக்டன் ஊர் மருந்துக்கடைக்காரர். காப்புரிமை எடுக்கவில்லை, அதனால் ஊரெல்லாம் செய்தது. அடுத்து வந்தவர்கள் வெள்ளைப் பாஸ்பரஸைச் சேர்த்தார்கள். ஜோராகப் பற்றியது. கூடவே அதைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பை அழுக வைத்தது. சட்டைப் பைக்குள் தானாகப் பற்றிக்கொள்வதும் உண்டு. பணக்காரர்கள் உலோக டப்பிக்கு மாறியதில் அலங்காரம் பாதி, பயம் பாதி. லண்டனின் கிழக்கே பிரையன்ட் அண்ட் மே தொழிற்சாலைப் பெண்கள் 1888இல் அபராதங்களையும் வேலைநீக்கத்தையும் எதிர்த்து நடத்திய வேலைநிறுத்தம் பிரிட்டிஷ் தொழிற்சங்க வரலாற்றில் தனி அத்தியாயம். 1898இல் பிரான்ஸில் பாஸ்பரஸ் செஸ்குவிசல்பைடு என்ற ஆபத்துக் குறைந்த சரக்கு வந்தது. 1906இல் பெர்ன் நகரில் கூடி வெள்ளைப் பாஸ்பரஸுக்குத் தடை போட்டார்கள்.

இடையில் ஸ்வீடன்காரர்கள் வேறு வழி போனார்கள். 1844இல் குஸ்தாஃப் எரிக் பாஷ் செய்த காரியம், மருந்தை இரண்டாகப் பிரித்தது. குச்சியில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் சந்தித்தால்தான் தீ. யென்சோப்பிங் ஊரின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைத் தொழிலாக்கி 1855 பாரிஸ் பொருட்காட்சியில் பதக்கம் வாங்கினார்கள். நம்மூர்த் தீப்பெட்டி இந்த வம்சம். உங்கள் டப்பியில் பாதி மருந்து இல்லை, அவ்வளவுதான்.

பின்பக்கம் ஒரு தீப்பெட்டிப் பட்டையை ஒட்டலாம். ஆனால் பழைய வெள்ளியில் கோந்து பூசுகிறவர்களுக்கு நான் யோசனை சொல்வதில்லை.

கே: சினிமாவில் கதாநாயகன் பூட்ஸில் உரசிப் பற்றவைக்கிறாரே?
(9ஆம் வகுப்பு, சேலம்)

ப: மேலே உள்ள பதிலைப் படி தம்பி. கௌபாய்ப் படமென்றால் எதில் உரசினாலும் பற்றும் குச்சி. தமிழ்ப் படமென்றால் பூட்ஸில் பட்டை ஒட்டிய உதவி இயக்குநர்.

கே: பல் குத்தத் தீக்குச்சியே போதுமே! ஒரே குச்சி, இரண்டு வேலை. எதற்கு இரண்டு அறை?
(சிக்கன சிகாமணி, ஈரோடு)

ப: மூன்று வேலை என்று சொல்லுங்கள். காது குடைவதை விட்டுவிட்டீர்கள்.

தலையில் குளோரேட், கந்தகம், பசை, கண்ணாடித் தூள். சரி, தலையைக் கிள்ளிவிட்டுத்தான் குத்துகிறேன் என்பீர்கள். குச்சியும் சும்மா இல்லை. தீ தலையிலிருந்து மரத்துக்குத் தாவ வேண்டுமே, அதற்காக மெழுகில் முக்கியிருப்பார்கள். அணைத்த பிறகு கனன்று கொண்டிருக்கக் கூடாது என்று அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் ஊறவைப்பதும் உண்டு. மரமும் மெத்தென்று சட்டென ஒடியும் சாதி. பல்லிடுக்கில் ஒடிந்தால் அதை எடுக்க இன்னொரு குச்சி வேண்டும். அப்போது இரண்டு குச்சி ஆகிவிட்டது, சிக்கனம் எங்கே?

பல்குத்தி அறைக்குத் தனி மூடி கேட்டதும் இதற்காகத்தான். பையில் குலுங்கும்போது மருந்து கொஞ்சம் உதிரும். அந்தத் தூள் படிந்த குச்சியை வாயில் வைக்க வேண்டாம்.

கே: த்ரீ-டி பிரின்ட் போட்டேன். அழகாக வந்தது. காரில் வைத்துவிட்டுக் கல்யாணச் சாப்பாடு முடித்து வந்தால் டப்பி வாழைக்காய் மாதிரி வளைந்திருக்கிறது!
(மென்பொருள்காரர், வேலூர்)

ப: பிஎல்ஏ இழையில் போட்டிருப்பீர்கள். அது 60 டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கும். மூடிய காரின் டேஷ்போர்டு வேலூர் வெயிலில் அதைச் சுலபமாகத் தாண்டும். பிஇடிஜி என்றால் 80 வரை தாங்கும், ஏபிஎஸ் நூறு பக்கம் போகும். மாதிரி செய்து கையில் பிடித்துப் பார்க்க பிரின்ட் நல்லது. தினமும் தீயோடு பழகப்போகிற பொருளுக்கு அரை மி.மீ. பித்தளைத் தகடோ அலுமினியமோ போதும். பிளாஸ்டிக் எரியும்போது சொட்டும், சட்டைப் பைக்குக் கீழே இருப்பது நெஞ்சு. அலுமினியம் கனமே தெரியாது. பித்தளைக்கு என் ஓட்டு, கையில் எடுத்தால் ஒரு மரியாதை வருகிறது.

(தீக்குச்சியையும் காரில் விட்டுவிட்டுப் போனீர்களா என்று நான் கேட்கவில்லை.)

கே: கடலுக்குப் போகிறவர்கள் நாங்கள். தீப்பெட்டியைப் பாலித்தீன் பையில் சுற்றி, அதை இன்னொரு பையில் சுற்றி வைத்தாலும் நமுத்துப் போகிறது. உங்கள் பித்தளை டப்பி தாங்குமா?
(விசைப்படகு ஓட்டுநர், நாகப்பட்டினம்)

ப: தாங்காது அண்ணே. கீல் மூடி வேர்வைக்குச் சரி, கடலுக்கு மரை வேண்டும்.

அமெரிக்காவில் மிச்சிகன் காடுகளில் திரிந்த வெப்ஸ்டர் மார்பிள் என்பவர் 1900இல் இதற்கு ஒரு வழி செய்தார். துப்பாக்கித் தோட்டா பருமனில் பித்தளைக் குழாய், திருகு மூடி, உள்ளே ரப்பர் வளையம். தண்ணீருக்குள் விழுந்தாலும் குச்சி காய்ந்தே இருக்கும். வேட்டைக்காரர்களும் சிப்பாய்களும் பல காலம் அதைத்தான் வைத்திருந்தார்கள்.

ஆனால் இறுக்கமான டப்பியில் ஒரு வில்லங்கம் உண்டு. ஈரக் காற்றில் திறந்து மூடினால் அந்த ஈரமும் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். மருந்தைப் பிடித்திருக்கும் பசைதான் முதலில் இளகும், உரசினால் தலை பிசுபிசுவென்று உதிரும். காசில்லாத வழி ஒன்று: தண்ணீரில் போட்டால் நுரைக்கும் வைட்டமின் மாத்திரை வரும் குழாயைப் பார்த்திருப்பீர்கள். மாத்திரையும் ஈரத்துக்குப் பகை என்பதால் அதன் மூடிக்குள்ளேயே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இருக்கும். தீக்குச்சி, பல்குத்தி இரண்டுமே நிற்கும் உயரம். பல்குத்தியை ஒரு ஸ்ட்ராவில் செருகி மடித்துத் தனியே போடுங்கள். பட்டையை மட்டும் குழாய்க்குள் வைக்காமல் இன்னொரு சின்னப் பிளாஸ்டிக் உறையில். கரையேறியதும் வீட்டில் யாருக்கும் வைட்டமின் என்று கொடுத்துவிடாதீர்கள்.

கே: லைட்டர் இருக்கும் காலத்தில் தீக்குச்சிக்கு டப்பி தேடுவது பத்தாம்பசலித்தனம் இல்லையா?
(நவீனன், சென்னை)

ப: எது பழசு? ஜெர்மனியில் டோபெரைனர் தன் ஹைட்ரஜன் லைட்டரைக் காட்டியது 1823. வாக்கரின் தீக்குச்சிக்கு மூன்று வயது மூத்தது. பத்தாம்பசலி நீங்கள்தான்.

கே: அந்தப் பிளாஸ்டிக் லைட்டர் எங்கள் வயிற்றில் அடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?
(தீப்பெட்டித் தொழிலாளி, கோவில்பட்டி)

ப: கட்டாயம். சிவகாசிக்காரர்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று, மறு வருஷம் ஊர் திரும்பினார்கள். அதே 1923இல்தான் ஸ்வீடன் முதலாளிகளின் விம்கோ தீப்பெட்டிக் கம்பெனி இந்தியாவில் கடை விரித்தது. அசுர பலம் அதற்கு. இன்று திருவொற்றியூர் பக்கம் விம்கோ ஒரு ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. குச்சி உங்கள் ஊர், சாத்தூர், சிவகாசி, குடியாத்தத்திலிருந்துதான் வருகிறது. இவ்வளவையும் தாண்டி வந்த தொழிலை, பத்து ரூபாய் இறக்குமதி லைட்டர் மிரட்டியது. மாநிலத்திலிருந்து குரல் போய், 2023 ஜூனில் இருபது ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்தது.

டப்பிக் கோணத்திலும் உங்கள் பக்கமே நான். லைட்டரில் எரிவாயு எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. குச்சியை எண்ணிவிடலாம். அகல் விளக்கின் திரிக்கு லைட்டரைச் சாய்த்துப் பிடித்துப் பெருவிரலைச் சுட்டுக்கொண்டவர்கள் கை தூக்குங்கள்.

கே: சிகரெட்டை விட்டுவிட்டேன். எனக்கு இந்த டப்பி எதற்கு?
(திருந்தியவர், திருச்சி)

ப: வாழ்த்துகள். தீக்குச்சிப் பக்கத்தில் கிராம்பு நிரப்புங்கள். கோவிலில் கற்பூரம் ஏற்றப் பக்கத்துக்காரரிடம் தீப்பெட்டி கேட்கிற ஆள் என்றால் மட்டும் நாலு குச்சி போதும்.

கே: நம் முன்னோரிடம் இப்படி ஏதாவது இருந்ததா? எல்லாம் வெள்ளைக்காரன் கதையாகவே போகிறதே!
(தமிழாசிரியை, புதுக்கோட்டை)

ப: இருந்ததே அம்மா. முள்வாங்கி. ஒரு சின்ன வளையம், அதில் முள் எடுக்கும் இடுக்கி, காது குடைய ஒரு கரண்டி, பல் குத்த ஓர் ஊசி. இரும்பிலோ பித்தளையிலோ செய்து அரைஞாண் கயிற்றில் தொங்கும், இல்லையென்றால் சுருக்குப் பையில் வெற்றிலையோடு கிடக்கும். செருப்பில்லாமல் கருவேல முள்ளில் நடந்த ஊருக்கு அதைவிடக் கச்சிதமான வடிவமைப்பு என்ன வேண்டும்? மூடி கிடையாது, கீல் கிடையாது, தீர்ந்துபோக எதுவும் கிடையாது. காதுக்கும் பல்லுக்கும் ஒரே வளையமா என்று இன்றைய பல் மருத்துவர் முகம் சுளிப்பார், அது வேறு. அவசரத்துக்குத் துடைப்பத்தில் ஓர் ஈர்க்கு உருவிக்கொண்டவர்களும் நம் முன்னோர்தான். அதைப் பெருமைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

கே: ஓட்டல் கல்லாவில் கை நிறைய டூத்பிக் அள்ளிக்கொண்டு வரும் கணவரை என்ன செய்வது?
(வெட்கப்படுபவர், மதுரை)

ப: டப்பி வாங்கிக் கொடுங்கள். பதினாறுக்கு மேல் கொள்ளாது. உங்கள் கணவருக்கு வரலாறும் துணை நிற்கிறது: அமெரிக்காவில் 1860களில் இயந்திரத்தில் பல்குத்தி செய்து குவித்த சார்லஸ் ஃபார்ஸ்டர், வாங்க ஆளில்லாமல் திண்டாடினாராம். கல்லூரிப் பையன்களுக்குச் சாப்பாடு போட்டு ஓட்டலுக்கு அனுப்பி, சாப்பிட்டு முடித்ததும் “பல்குத்தி இல்லையா?” என்று சத்தம் போட வைத்தார் என்று ஒரு கதை. அன்று கேட்டவர்கள் கூலிக்குக் கேட்டார்கள். இவர் இலவசமாகவே செய்கிறார்.

கே: பல்குத்தியால் செத்தவர் உண்டா?
(பயந்தவர், கடலூர்)

ப: உண்டு. ஷெர்வுட் ஆண்டர்சன், அமெரிக்க எழுத்தாளர். 1941இல் கப்பல் பயணத்தில் வயிற்றுவலி வந்து பனாமாவில் இறந்தார். அறுத்துப் பார்த்தால் விழுங்கிய பல்குத்தி குடலைத் துளைத்திருந்தது. மதுவில் மிதந்த ஆலிவ் காயில் குத்தியிருந்தது உள்ளே போயிருக்கும் என்கிறார்கள். வாயில் குச்சியோடு பேசாதீர்கள், படுக்காதீர்கள், குழந்தையைத் தூக்காதீர்கள்.

கே: சில பல்குத்தியின் மழுங்கிய பக்கத்தில் பொம்மைக் கழுத்து மாதிரி வெட்டு இருக்கிறதே, அதை உடைத்துக் குச்சியைச் சாய்த்து வைக்கவாமே?
(வாட்ஸப் பட்டதாரி, தஞ்சாவூர்)

ப: வாட்ஸப் பல்கலையில் அப்படித்தான் பாடம். அது ஜப்பான் பாணி, ஒசாகா பக்கம் கவாச்சினகானோ என்ற ஊர் அதற்குப் பெயர்போனது. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் காரணம் எளிது. முனையைத் தேய்த்துச் சமன் செய்யும்போது கருகிவிடும். அசிங்கத்தை மறைக்க மரப்பொம்மைத் தலைபோல இரண்டு வெட்டு போட்டார்கள். நம் டப்பிக்கு அது வசதி, உருவ நகம் பிடிக்கும்.

கே: விமானத்தில் கொண்டுபோகலாமா?
(துபாய் வழியாகத் திரும்புபவர், இராமநாதபுரம்)

ப: பல்குத்திப் பாதியை, தாராளமாக. தீக்குச்சியைச் சரக்குப் பெட்டியில் எந்த நாட்டிலும் போடக் கூடாது. கையில் கொண்டுபோனாலும் பிடுங்கப்படுவதற்குத் தயாராக இருங்கள். ஊரில் இரண்டு ரூபாய்தானே, இறங்கி நிரப்பிக்கொள்ளலாம்.

கே: இந்த டப்பியை நான் செய்து விற்கப்போகிறேன். காப்புரிமை கிடைக்குமா?
(பட்டறை வைத்திருப்பவர், கும்பகோணம்)

ப: காப்புரிமைக்குப் புதுமை வேண்டும். இரண்டு அறை, இரண்டு மூடி என்பதற்கு அதிகாரி மயங்க மாட்டார். வடிவத்தை மட்டும் 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதியலாம். பத்து வருஷம் பாதுகாப்பு, கேட்டால் இன்னும் ஐந்து. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை: விண்ணப்பிக்கும் முன் அந்த வடிவம் எங்கும் அச்சில் வந்திருக்கக் கூடாது. அளவோடு, அறையோடு, கிராம்போடு எல்லாம் மேலே அச்சாகிவிட்டது. உங்களுக்கும் கிடைக்காது, எனக்கும் கிடைக்காது, கோவை மாணவிக்கும் கிடைக்காது. மூடியில் வேறு ஏதாவது வித்தை காட்டினால் உண்டு. அதை மட்டும் எனக்கு எழுதிவிடாதீர்கள், இங்கே போட்டுவிடுவேன்.